மாடிக் காசில் பறந்தேன்

கொழும்பில் நான் ஏறிய முதல் ஆட்டோவில் மீட்டர் ஓடியது. வழியில் கடல் வந்தது, புத்தர் சிலை வந்தது, நான் எதையும் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் திருத்தணியில் ஆட்டோ மீட்டர் என்பது பூ வைக்கிற இடம். அதைப் போடச் சொன்னால் நம்மை வெளியூர் ஆள் என்று முடிவு கட்டி, கேட்டதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேட்பார்கள்.

ஓட்டுநருக்குச் சிங்களம்தான் தெரியும், கூடவே கொஞ்சம் ஆங்கிலம். என்ன வேலையாக வந்தாய் என்று கேட்டார். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள என்றேன். கண்ணாடியில் என் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு, "இனிமேல் யார் உங்களுக்கு பைலட் வேலை கொடுப்பார்கள்?" என்றார். வேலைக்கு இல்லை, ஆசைக்கு என்றேன். அவர் அதற்கப்புறம் தெஹிவளையில் நான் தங்கும் இடம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

சிரிக்கட்டும். ஊரில் சிரித்தவர்களைவிட இவர் மரியாதையாகவே சிரித்தார்.

நான் இப்ராகிம். திருத்தணியில் அரக்கோணம் சாலையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே அரக்கோணம் பக்கமிருந்து வரும் கடற்படை விமானம் தலைக்கு மேல் போனால் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தேன், கடை போட்டேன், கல்யாணம் ஆயிற்று, நாற்பதையும் தாண்டினேன். ஸ்பேனரைக் கீழே வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. சம்பளத்துக்காக இல்லாமல் சொந்த ஆசைக்கு விமானம் ஓட்டவும் ஒரு லைசென்ஸ் உண்டு, அதற்கு வயது தடையில்லை என்று தெரிந்த நாளில் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

சென்னையில் விசாரித்தேன். ஒரு மணி நேரம் பறக்க என்ன கட்டணம் என்று சொன்னார்கள். லைசென்ஸுக்குத் தேவையான மணிக்கணக்கால் அதைப் பெருக்கிப் பார்த்தேன். கடையை விற்றாலும் விமானத்தின் முன் சக்கரம் மட்டும்தான் எழும்பும். வட மாநிலங்களில் அரசு உதவியோடு நடக்கும் கிளப்புகள் மலிவு. ஆனால் அங்கே விமானம் ஒன்று, காத்திருப்பவர்கள் ஒரு கல்யாண மண்டபம் நிறைய. தென்னாப்பிரிக்காவில் கட்டணம் குறைவு, போய்வரும் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடும். கடைசியில்தான் மூக்குக்குக் கீழே இருந்த இலங்கை கண்ணில் பட்டது. பக்கத்து நாடு, நம் காசுக்கு அங்கே மதிப்பு அதிகம், சோறு கிடைக்கும், தமிழும் செல்லும். வீட்டில் மாடி ரூம் கட்டுவதற்கென்று நாங்கள் சேர்த்து வைத்திருந்த பணம், கணக்காக ஒரே ஒரு முயற்சிக்குப் போதும்.

என் மனைவி நூருன்னிசாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவள் மாடிப்படிக்கு இடம்கூடக் குறித்து வைத்திருந்தவள். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அரிசி புடைத்தாள்.

"மாடி போனா போவுதுங்க. போய்ட்டு வாங்க. ஆனா ஒண்ணு, தனியா ஓட்டி லைசென்ஸோட வரணும். பாதியில திரும்பி வந்தீங்க, அப்புறம் கீழயும் எடம் கெடையாது."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, பயமாகவும் இருந்தது.

எங்கள் மலை முருகன் கோயிலில் புத்தாண்டுப் படித் திருவிழாக் கூட்டம் வடிந்த பிறகு கிளம்பி நோன்பு தொடங்குவதற்குள் திரும்புவது என்று திட்டம். அந்த இடைவெளியில்தான் கடையை உதவியாளரிடம் விட முடியும். பரீட்சைப் பாடங்களை ஊரிலேயே படித்து முடித்தேன். கடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஒரு பழைய வேனின் ஸ்டீயரிங், காலுக்கு இரண்டு செங்கல். பறக்கும்போது என்னென்ன எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ எல்லாவற்றையும் அதில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். இதற்குக் காசே கிடையாது. விமானத்தில் உட்கார்ந்து யோசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு.

கே.ஜி.கண்டிகையில் நிலம் வைத்திருக்கும் சுப்பிரமணி என் பழைய வாடிக்கையாளர், அதைவிடப் பழைய நண்பன். வண்டியை ரிப்பேருக்கு விட வந்தவன் என்னை அந்தக் கோலத்தில் பார்த்தான்.

"இன்னா பாய், வண்டி நவுரவே மாட்டுது?"

"மேல போய்க்கினு கீறேன். பேச்சு குடுக்காத."

"நெஜமாவே மேல போனீன்னா எனுக்காக ஒரு தபா அரோகரா சொல்லிடு பாய். எனுக்கு முட்டி போச்சி, படி ஏற முடில. நீ அங்கேருந்து சொன்னா அவுருக்குக் கிட்டக்க கேக்கும்."

"ஆங், சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

இலங்கையில் முதல் காலையே தேநீர்க் கடையில் மானம் போனது. டீ கேட்டேன். அதோடு ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், மீன் வைத்த பனிஸ் என்கிற பன், வடை எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன விருந்தோம்பல் என்று உருகிப்போய், மிச்சம் வைத்தால் மனம் புண்படுமே என்று முழுத் தட்டையும் தின்று தீர்த்தேன். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு எடுத்ததற்குக் காசு கொடுப்பதுதான் அங்கே வழக்கமாம். கல்லாவில் இருந்தவர் காலித் தட்டைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த வயிற்றோடு ரயில் நிலையத்துக்கு ஓடினேன். அரக்கோணம் லோக்கலில் வளர்ந்தவனுக்கு, நகரும் ரயிலைக் கண்டால் கால் தானாக ஓடும். ஓடி ஏறிவிட்டேன். அது விமானப் பள்ளி இருக்கும் இரத்மலானையில் நிற்காத வண்டி. நான் இறங்க வேண்டிய நிலையம் கண்ணெதிரே கடந்து போக, வாசலில் தொங்கிக்கொண்டு, முகத்தில் கடல் தண்ணீர் தெறிக்க, பாணந்துறை வரை போனேன். அப்படி ஓர் அழகான ரயில் பாதையை நான் பார்த்ததில்லை. இருந்தும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

பயிற்சி ஆசிரியர் கேப்டன் நிஹால் ஒல்லியான மனிதர். பிளேன்டீ என்கிற பாலில்லாத டீயைச் சீனியும் போடாமல் குடிப்பார், பேச்சும் அந்த ருசியில் இருக்கும். தாமதத்துக்குக் காரணம் சொன்னேன். "ஓடும் ரயிலில் ஏறுபவன் ஓடுபாதையில் என்ன செய்வான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. என் நாற்காலி வித்தை பலித்தது. மற்ற மாணவர்கள் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு அடுத்தது என்ன என்று யோசிப்பார்கள். நான் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். மதியம் தேங்காய்ப் பாலில் வெந்த பருப்பும், காதில் புகை வரவழைக்கும் தேங்காய்ச் சம்பலும் சோறும். எங்கள் வீட்டுப் பிரியாணியை நினைத்து ஏங்கினாலும் தட்டு காலியானது. விமானம் சின்னது, இரண்டு பேர் உட்காரலாம், என்னைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. மேலே போனதும் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பொல்கொட ஏரி. எனக்கு ஒவ்வொரு முறையும் கண்ணில் நீர் வந்தது. கேப்டன் பார்க்காதபடி துடைத்துக்கொள்வேன்.

பிறகுதான் ஒரு மெக்கானிக் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன்.

பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகத்தையும் பார்க்க வேண்டும். இன்ஜின் மூடியில் ஒரு ஸ்க்ரூ சற்றே தூக்கிக்கொண்டு இருந்தது. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள், நான் குட்டி ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பேன். எடுத்தேன், அரைச் சுற்று முறுக்கினேன், திரும்பப் பையில் போட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடையில் ஒரு நாளைக்கு நூறு முறை செய்வது.

நிமிர்ந்தால் கேப்டன் நிஹால் நிற்கிறார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இந்த விமானம் இன்று பறக்காது" என்றார்.

"இப்போது இறுக்கமாகத்தான் இருக்கிறது சார்."

"அதுதான் பிரச்சினை. யார் இறுக்கியது, எவ்வளவு இறுக்கியது, எதனால் தளர்ந்தது என்று எவருக்கும் தெரியாது."

விமானத்தை ஹேங்கர் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்று பறக்க வேண்டிய மற்ற மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இன்ஜினியர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய உடம்பு, மெதுவான குரல்.

"ஆர் உந்த ஸ்குரூவில கை வச்சது?"

"நான்தாங்க. அரைச் சுத்துதான்."

"அரைச் சுத்தெண்டு நீர் சொல்லுறீர். எனக்கு எப்பிடித் தெரியும்? இனி மூடியைக் கழட்டி முழுக்கப் பாக்கோணும். தம்பி, உங்கட ஊரில பைக் நடு ரோட்டில நிண்டா தள்ளிக்கொண்டு போகலாம். மேல நிண்டா ஆர் தள்ளுறது?"

கையை நீட்டினார். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். பறிமுதல். அந்த வாரம் முழுக்க எனக்குப் பறக்கத் தடை.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருட அனுபவம், ஒரு ஸ்க்ரூவுக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று கடற்கரையில் உட்கார்ந்து அலைகளிடம் சண்டை போட்டேன். அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டேன். நோன்பு நெருங்குகிறது. தங்கும் செலவு நின்றாலும் ஓடுகிறது. இன்னொரு வாரம் இப்படிப் போனால் லைசென்ஸ் இல்லாமல்தான் ஊர் திரும்ப வேண்டும். நூருவுக்குப் போன் போட்டேன்.

"ஒரு வாரம் பறக்கக் கூடாதுன்ட்டாங்க."

"அய்யோ! இன்னா பண்ணீங்க?"

"ஒரு ஸ்க்ரூ முறுக்கினேன்."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நம்ம வூட்டு கேஸ் அடுப்புல ஸ்க்ரூ ஆடிகினு கீதுன்னு எத்தினி மாசமா சொல்லிகினு கீறேன். அத முறுக்கல. கடல் தாண்டிப் போயி முறுக்குனீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்து, "வரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. போயி அவுங்களாண்ட நில்லுங்க" என்றாள்.

போய் நின்றேன். தினமும் காலையில் ஹேங்கர் வாசலில், வேலை இல்லாவிட்டாலும். மூன்றாம் நாள் கேப்டன் நிஹால் வெளியே வந்தார். பள்ளியில் நான்கு பேர் உட்காரும் விமானம் ஒன்றும் இருந்தது. மாலத்தீவிலிருந்து வந்த ஒரு பெண் அதில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எதையும் தொடாமல் உட்காரத் தெரியுமா?" என்று கேட்டார்.

"முயற்சி பண்ணுகிறேன்."

"பின் சீட்டில் ஏறு. அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். கையை மட்டும் முன்னால் நீட்டாதே."

ஏறினேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெண் விமானத்தைத் தரையிறக்கும்போது மூக்கைச் சற்றே அதிகமாகத் தூக்குவார், விமானம் மிதந்துகொண்டே போகும். முன்னால் உட்கார்ந்து நானே ஓட்டும்போது பயத்தில் பார்க்க முடியாததெல்லாம் பின் சீட்டில் பளிச்சென்று தெரிந்தது. நான் செய்யும் தப்பும் அதுதான்! தடை முடியும்வரை மிச்ச நாளெல்லாம் அப்படியே பின் சீட்டில் பறந்தேன். யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. குறைந்த செலவில் விமானம் ஓட்டக் கற்க வழி கேட்டு இப்போது என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மற்றவர் பறக்கும்போது பின்னால் உட்கார இடம் கேளுங்கள். எனக்கு அது தண்டனையாக வந்து சேர்ந்தது.

தடை நீங்கியதும் என் தரையிறக்கங்கள் எனக்கே பிடித்தன. கேப்டன் பிளேன்டீயை மட்டும் இன்னும் நிதானமாகக் குடித்தார். மற்ற மாணவர்கள் தனியாகப் பறந்துவிட்டு வந்தார்கள், எனக்கு மட்டும் நாள் தள்ளிக்கொண்டே போனது.

ஒரு நாள் காலை, வழக்கம்போல விமானத்தைச் சுற்றி வந்தேன். இன்ஜினுக்குக் கீழே ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு. என் விரல் பாதி தூரம் போய்விட்டது. விரலில் தொட்டு மோந்து பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன், எண்ணெயா பெட்ரோலா என்று. கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவிழ்த்தால் எங்கே தொட்டுவிடுமோ என்று அப்படியே ஹேங்கருக்கு ஓடினேன்.

சிவநேசன் வந்து குனிந்து, தொட்டு, மோந்து, மேலே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ராத்திரிப் பெய்த மழை, தம்பி. வேற ஒண்டுமில்லை."

மழைத் தண்ணீர்! வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கேப்டனோடு இரண்டு முறை ஏறி இறங்கினேன். மூன்றாவது முறை ஓடுபாதையை விட்டு விலகி நின்றதும் அவர் பெல்ட்டைக் கழற்றினார்.

"ஒரு சுற்று. போய்விட்டு வா."

"தனியாகவா?"

"நீ போன வாரமே சரியாக இறக்கினாய். கையைக் கட்டிக்கொண்டு ஓடுவாயா என்று பார்க்கத்தான் காத்திருந்தேன்." கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பக்கத்து சீட் காலி. அவர் மறுபடி மாட்டிவிட்டுப் போன பெல்ட் மட்டும் கிடந்தது. பிஸ்மில்லா சொல்லி வேகம் கூட்டினேன். ஓர் ஆள் பாரம் குறைந்த விமானம் நான் நினைத்ததற்கு முன்பே தரையை விட்டது. கீழே கடல், படகுகள், அன்றைக்கு என்னை ஏமாற்றிய ரயில் பாதை. யாரும் என் கையைப் பார்க்கவில்லை, யாரும் திருத்தவில்லை. நாற்காலியும் செங்கல்லும் நினைவுக்கு வந்தன. வாய்விட்டுச் சிரித்தேன். சுப்பிரமணிக்குக் கொடுத்த வாக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அரோகரா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் கட்டைவிரலைப் பார்த்தேன். சந்தோஷத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்ததில், அதிலிருக்கும் ரேடியோ பட்டனையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தேன். நான் கத்தியது கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போய்விட்டது. அந்த வானில் இருந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. ஒரு ஸ்க்ரூவுக்கே ஒரு வாரம் என்றால் இதற்கு என்ன? கட்டைவிரலைச் சட்டென்று எடுத்தேன்.

பிறகு கோபுரத்திலிருந்து ஒரு பெண் குரல், சிங்களவர் ஆங்கிலம் பேசும் நிதானத்தில் வந்தது.

"ஹரோ ஹரா. ஓடுபாதை காலியாக இருக்கிறது. நீங்கள் இறங்கலாம்."

இறங்கினேன். சக்கரம் தொட்டது எனக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக இறங்கினேன். கதிர்காமம் முருகன் கோயிலில் சிங்களவர்களும் அதே குரலைத்தான் எழுப்புவார்கள் என்று சிவநேசன் பிறகு சொன்னார். கேப்டன் நிஹால் என் கையைக் குலுக்கிவிட்டு, "ரேடியோவில் அதிகம் பேசாதே" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் டீயில் சீனி போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு நாட்கள் பறந்தன. தனியாகக் கடலோரமாகத் தெற்கே போய் வந்தேன், கடைசித் தேர்வையும் நோன்புக்கு முந்தைய வாரம் முடித்தேன். கிளம்பும் நாளில், பொதட்டூர்பேட்டையில் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த புது லுங்கியைச் சிவநேசனுக்குக் கொடுத்தேன். "நல்ல சாரம்" என்று தன் ஊர்ப் பேச்சில் சொல்லித் தடவிப் பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து என் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் வழி மறித்தவன் சுப்பிரமணி. "கத்துனியா பாய்?" என்றான்.

"கத்துனேன்."

"பதில் இன்னா வந்துது?" என்று கிண்டலாகக் கேட்டான்.

"எறங்கிக்கோன்னு வந்துது" என்றேன். அவன் நம்பவில்லை. முழுக் கதையையும் சொன்னதும், பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தான்.

வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் நூரு என்னைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தாள். மேலே ரூம் எழுப்புவதற்காகத் தூண்களில் விட்டு வைத்த இரும்புக் கம்பிகள் நான்கு மூலையிலும் நீட்டிக்கொண்டு நின்றன. லைசென்ஸை அவள் கையில் கொடுத்தேன். இங்கே ஓட்ட இன்னும் இங்கத்திய பரீட்சை எழுத வேண்டும் என்பதையும் சொன்னேன். அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. புகைப்படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிரே மலையில் கோயில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"தனியாவா போனீங்க?"

"தனியாத்தான்."

"அந்த மலைய வுட ஒசரமா?"

"ஆங். அதுக்கும் மேல."

அவள் மலையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன. முந்தானையால் லைசென்ஸைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"அப்ப இந்தக் கம்பிங்கள வளைச்சி வுட்ருங்க. துணி காய வெக்கும்போது கைல குத்திகினே கீது."

"மாடி ரூமு?"

"அதான் மாடிக்கு மேலயே போய்ட்டு வந்தாச்சே" என்று சொல்லிச் சிரித்தாள்.

இதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. கம்பியை வளைக்க இரும்புக் குழாய் எடுக்கக் கீழே இறங்கினேன். போகிற வழியில் கேஸ் அடுப்பு ஸ்க்ரூவையும் முறுக்கினேன்.